ரிமோட் டெஸ்க்டாப் சர்வரில் ஒரு பிழை: கண்டுபிடிப்பது யார், திருத்துவது யார், நம் பங்கு என்ன?

காயல்பட்டினத்தில் ஒரு ஜவுளிக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடையின் கணக்கு முழுவதும் லினக்ஸ் போட்ட ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த மகன் வேலை கிடைத்து துபாய் போய்விட்டார். ஆனாலும் இரவு வேலை முடிந்து அறைக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறக்கிறார். ஊரில் இருக்கும் கம்ப்யூட்டரின் திரையைத் தன் திரையில் வரவழைத்து, அன்றைய வரவு செலவைப் பதிந்து விடுகிறார். "வாப்பா, கடை அடைக்கும்போது கம்ப்யூட்டரை மட்டும் அணைக்காதீங்க" என்று ஒரு போன் செய்தால் போதும்.

இது போன்ற ஏற்பாடு இன்று நம் வீடுகளுக்குப் புதிதல்ல. வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்க்கும் பிள்ளைகள், கல்லூரியின் லேப் கம்ப்யூட்டரில் ஹாஸ்டலிலிருந்து நுழையும் மாணவர்கள், வாடகைக்கு எடுத்த சர்வரில் வேலை செய்யும் கணக்காளர்கள் என்று பலரும் இதைப் பயன்படுத்துகிறார்கள். இதற்குப் பெயர் ரிமோட் டெஸ்க்டாப்.

தூரத்திலிருந்து நாம் நுழைய ஒரு கதவு இருந்தால், அந்தக் கதவின் பூட்டு சரியாக இருக்க வேண்டும். பூட்டைச் செய்வது மென்பொருள். மென்பொருளை எழுதுவது மனிதர்கள். மனிதர்கள் எழுதியதில் பிழை வரும். அந்தப் பிழை எப்படிக் கண்டுபிடிக்கப்படுகிறது, யார் திருத்துகிறார்கள், திருத்திய பிறகு அது நம் கம்ப்யூட்டருக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ரிமோட் டெஸ்க்டாப் எப்படி வேலை செய்கிறது?

இதில் இரண்டு பக்கங்கள் உண்டு. ஊரில் இருக்கும் கம்ப்யூட்டரில் சர்வர் என்ற மென்பொருள் ஓடுகிறது. துபாயில் இருக்கும் லேப்டாப்பில் கிளையன்ட் என்ற மென்பொருள் ஓடுகிறது. சர்வர் தன் திரையில் என்ன மாறுகிறது என்பதைப் படமாக அனுப்புகிறது. கிளையன்ட் நாம் அழுத்தும் விசைகளையும் மவுஸ் அசைவையும் திருப்பி அனுப்புகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் எந்த வரிசையில், எந்த வடிவத்தில் நடக்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தை நெறிமுறை என்கிறோம்.

இவ்வகையில் இரண்டு நெறிமுறைகள் பெயர் பெற்றவை. ஒன்று ஆர்டிபி. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1998-ல் விண்டோஸ் என்டி 4.0 டெர்மினல் சர்வர் பதிப்போடு இதை வெளியிட்டது. மற்றொன்று விஎன்சி. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் உருவாகி, 1998-ல் மூல நிரலோடு எல்லோருக்கும் வெளியிடப்பட்டது.

மூல நிரல் என்பது மென்பொருளை எழுதியவர்கள் தட்டச்சு செய்த வரிகள். அந்த வரிகளை யாரும் படிக்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம் என்று அனுமதித்து வெளியிட்டால் அதைத் திறந்த மூல மென்பொருள் என்கிறார்கள். விண்டோஸின் ஆர்டிபி சர்வர் அப்படிப்பட்டது அல்ல. ஆனால் லினக்ஸ் கம்ப்யூட்டரிலும் ஆர்டிபி முறையில் நுழைய வேண்டும் என்று விரும்பியவர்கள் எழுதிய எக்ஸ்ஆர்டிபி என்ற சர்வர் திறந்த மூலம்தான். விண்டோஸில் ஏற்கனவே இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப் செயலியைக் கொண்டே லினக்ஸ் கம்ப்யூட்டருக்குள் நுழைய இது உதவுகிறது. நாம் சொன்ன ஜவுளிக்கடை கம்ப்யூட்டரில் இருப்பதும் இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ஆர்டிபிக்குள் முக்கியமாக இரண்டு வேலையாட்கள் இருக்கிறார்கள் எனலாம். முதலாமவர் வாசலில் நிற்பவர். வெளியிலிருந்து வரும் இணைப்பை 3389 என்ற போர்ட்டில் வரவேற்று, பெயரையும் பாஸ்வேர்டையும் வாங்கிக்கொள்கிறார். இரண்டாமவர் உள்ளே இருக்கும் பொறுப்பாளர். இவருக்கு செஸ்மேன் என்று பெயர். வந்தவர் சரியான ஆள்தானா என்று சரிபார்த்து, அவருக்கான திரையை ஏற்பாடு செய்து கொடுப்பது இவர் வேலை. பழைய பதிப்புகளில் இந்த இருவரும் ஒரே கம்ப்யூட்டருக்குள் 3350 என்ற போர்ட் வழியாகப் பேசிக்கொண்டார்கள். இந்த எண்ணை நினைவில் வையுங்கள்; பின்னால் தேவைப்படும்.

கேட்காததைச் சொல்லி உள்ளே நுழைந்த கதை

முதலில் எளிதில் புரியக்கூடிய ஒரு பிழையைப் பார்ப்போம். விஎன்சி முறையில் கிளையன்ட் வந்து கதவைத் தட்டியதும், சர்வர் ஒரு பட்டியலைக் கொடுக்கும். "என்னிடம் இன்னின்ன சோதனை முறைகள் இருக்கின்றன, ஒன்றைத் தேர்ந்தெடு" என்பது அதன் பொருள். பாஸ்வேர்ட் கேட்க வேண்டும் என்று அமைத்திருந்தால் பட்டியலில் அந்த முறை மட்டும் இருக்கும். நெறிமுறையில் "சோதனையே வேண்டாம்" என்றும் ஒரு முறை உண்டு. அதன் எண் 1. சர்வரின் சொந்தக்காரர் அதை அனுமதிக்கவில்லை என்றால் பட்டியலில் அது இருக்காது.

2006-ஆம் ஆண்டு, ரியல்விஎன்சி சர்வரின் 4.1.1 பதிப்பில் ஒரு குறை வெளியானது. பட்டியலில் இல்லாத அந்த 1-ஆம் முறையை கிளையன்ட் பதிலாக அனுப்பினால், சர்வர் அதையும் ஏற்றுக்கொண்டு உள்ளே விட்டுவிட்டது. பாஸ்வேர்ட் எவ்வளவு கடினமாக இருந்தாலும் பயனில்லை. ஏனென்றால் பாஸ்வேர்ட் கேட்கப்படவே இல்லை.

திருமண மண்டப வாசலில் நிற்பவரிடம், "அழைப்பிதழ் காட்டுபவரை மட்டும் உள்ளே விடுங்கள்" என்று சொல்லி நிறுத்துகிறோம். ஒருவர் வந்து, "எனக்கு அழைப்பிதழ் தேவையில்லை" என்கிறார். வாசலில் நிற்பவர் "அப்படியா, சரி, போங்க" என்று விட்டுவிடுகிறார். இந்தப் பிழையும் அப்படித்தான். திருத்தமும் எளியது: கிளையன்ட் தேர்ந்தெடுத்த முறை நான் கொடுத்த பட்டியலில் இருந்ததா என்று சர்வர் ஒரு முறை சரிபார்க்க வேண்டும். 4.1.2 பதிப்பில் இந்தக் குறை சரிசெய்யப்பட்டது.

இதிலிருந்து சர்வர் எழுதுவோர் படிக்கும் முதல் பாடம்: எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் எதையும் சரிபார்க்காமல் நம்பக் கூடாது. நல்ல கிளையன்ட் பட்டியலில் உள்ளதை மட்டும்தான் கேட்கும். தீய எண்ணம் கொண்டவர் தானே ஒரு கிளையன்ட்டை எழுதிக்கொண்டு வருவார். அது எந்த ஒழுங்கிற்கும் கட்டுப்பட வேண்டியதில்லை.

3350: ஒரு போர்ட்டின் நான்கு ஆண்டுக் கதை

இப்போது எக்ஸ்ஆர்டிபிக்கு வருவோம். 2020-ல் இதன் செஸ்மேன் பகுதியில் ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டது. 3350 போர்ட்டுக்கு வேண்டுமென்றே தவறாக அமைத்த ஒரு செய்தியை அனுப்பினால் செஸ்மேன் செயலிழந்து விழுந்துவிடும்.

வெளியிலிருந்து யாரும் இந்த போர்ட்டைத் தொட முடியாதே, பிறகு என்ன ஆபத்து என்று கேட்கலாம். ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பயன்படுத்தும் இடங்களை நினைத்துப் பாருங்கள். கல்லூரி லேப் ஒன்றில் ஐம்பது மாணவர்களுக்குக் கணக்கு இருக்கும். அவர்களில் ஒருவர் செஸ்மேனை விழச் செய்துவிட்டு, அதே 3350 போர்ட்டில் தான் எழுதிய போலிச் செஸ்மேனை உட்கார வைக்க முடியும். லினக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்களில்தான் சாதாரணப் பயனர் உட்கார முடியாது. 3350 அதற்கு மேலே இருப்பதால் தடை ஏதும் இல்லை.

அதன் பிறகு நுழைய வரும் ஒவ்வொருவரின் பெயரும் பாஸ்வேர்டும் போலி ஆளின் கைக்குப் போகும். யாரை உள்ளே விடுவது, யாரைத் தடுப்பது என்பதையும் அவரே முடிவு செய்யலாம். வேறொருவர் திறந்து வைத்திருக்கும் திரையைக் கைப்பற்றவும் வழி இருந்தது. இந்தக் குறைக்கு சிவிஇ-2020-4044 என்று எண் கொடுக்கப்பட்டது. சிவிஇ என்பது உலக அளவில் பாதுகாப்புக் குறைகளுக்குக் கொடுக்கப்படும் பதிவு எண். நோய்க்குப் பெயர் வைத்தால் எந்த ஊர் மருத்துவரும் ஒரே நோயைப் பற்றிப் பேசுகிறோம் என்று புரிந்துகொள்வது போல, இந்த எண் இருந்தால் குழப்பம் வராது. 0.9.13.1 பதிப்பில் திருத்தம் வந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. 2022 பிப்ரவரியில் அதே செஸ்மேனில் இன்னொரு குறை வெளியானது. 0.9.17, 0.9.18 ஆகிய பதிப்புகளில் அது இருந்தது. கம்ப்யூட்டருக்குள் இருந்து செஸ்மேனைத் தொட முடிந்த ஒருவர், பாஸ்வேர்ட் எதுவும் இல்லாமலே, கம்ப்யூட்டரின் முழு அதிகாரம் பெற்ற ரூட் பயனராகத் தன் கட்டளைகளை ஓட்ட முடியும் என்ற அளவுக்கு அது கடுமையானது. 0.9.18.1 பதிப்பில் சரிசெய்யப்பட்டது.

இந்தப் பிழையின் வகையைக் கொஞ்சம் விளக்கினால், ஒரு சிறிய கவனக்குறைவு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பது புரியும். செய்திகள் வரும்போது முன்னால் ஒரு தலைப்பகுதி இருக்கும். அதில் "இந்தச் செய்தியின் மொத்த நீளம் இவ்வளவு" என்று எழுதியிருக்கும். தலைப்பகுதி மட்டும் 8 பைட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 100 என்று வந்தால், நிரல் 100-லிருந்து 8-ஐக் கழித்து, மீதி 92 பைட் வர வேண்டும் என்று கணக்கிடும். ஒருவர் வேண்டுமென்றே மொத்தம் 5 என்று எழுதி அனுப்பினால் என்ன ஆகும்? 5-லிருந்து 8 போனால் நமக்கு மைனஸ் 3. ஆனால் மைனஸ் எண்ணே தெரியாத 32 பிட் எண்ணாக அதை வைத்திருந்தால், கம்ப்யூட்டருக்கு அது 4294967293 ஆகிவிடும். கார் மீட்டரைப் பூஜ்ஜியத்திலிருந்து பின்னோக்கிச் சுழற்றினால் எல்லா இடத்திலும் 9 வருமே, அது போல.

இப்போது சர்வர் 400 கோடிக்கு மேல் பைட்களை எதிர்பார்த்து, வருவதையெல்லாம் சின்ன இடத்தில் கொட்டத் தொடங்கும். இடம் நிரம்பி வழிந்து பக்கத்தில் இருக்கும் நினைவகத்தின் மேல் விழும். வழிந்து விழும் பைட்கள் என்ன என்பதை அனுப்புபவரே தீர்மானிப்பதால், சர்வரைத் தன் இஷ்டப்படி ஆட்டிவைக்க அவருக்கு வழி கிடைக்கிறது. இதைத் தடுக்க "சொல்லப்பட்ட நீளம் தலைப்பகுதியைவிடக் குறைவாக இருந்தால் ஏற்காதே" என்று ஒரு நிபந்தனையை எழுதினால் போதும்.

ஒரே பகுதியில் திரும்பத் திரும்பக் குறை வருவதைப் பார்த்தால் பொறுப்பாளர்கள் என்ன செய்வார்கள்? ஓட்டை விழும் இடத்தில் எத்தனை முறைதான் ஒட்டுப் போடுவது என்று கூரையையே மாற்றுவோம் அல்லவா? 2024-ல் வந்த 0.10.0 பதிப்பில் அதைத்தான் செய்தார்கள். 3350 போர்ட்டையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக யூனிக்ஸ் சாக்கெட் என்ற முறை வந்தது. இது ஒரு கோப்பைப் போன்றது. கம்ப்யூட்டருக்கு வெளியே இதற்கு வழியே கிடையாது. உள்ளேயும் யார் இதைத் தொடலாம், யார் தொடக் கூடாது என்று கோப்புக்கு வைப்பது போலவே கட்டுப்பாடு வைக்கலாம். சாதாரணப் பயனர் ஒருவர் இதன் இடத்தில் போலியை உட்கார வைப்பது முன்பு போல எளிதல்ல.

எண்ண மறந்த எண்ணிக்கை

இன்னொரு வகைப் பிழையும் உண்டு. இதில் எதுவும் உடையாது, எதுவும் விழாது. எல்லாம் சரியாக ஓடுவது போலவே இருக்கும்.

எக்ஸ்ஆர்டிபியின் அமைப்புக் கோப்பில், ஒருவர் எத்தனை முறை தவறான பாஸ்வேர்ட் கொடுக்கலாம் என்று வரம்பு வைக்க ஓர் இடம் இருக்கிறது. சர்வரைப் பராமரிப்பவர் அதில் ஓர் எண்ணை எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பார். ஆனால் 0.10.0-க்கு முந்தைய பதிப்புகளில் அந்த வரம்பு உண்மையில் வேலை செய்யவில்லை என்று 2024-ல் அறிவிக்கப்பட்டது. எத்தனை முறை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம் என்ற நிலைதான் இருந்தது. சிவிஇ-2024-39917 என்பது இதன் எண்.

இதன் விளைவை யோசியுங்கள். வரம்பு இருந்தால், நான்கெழுத்து பாஸ்வேர்டுக்குக்கூட ஓரளவு பாதுகாப்பு உண்டு. வரம்பு இல்லையென்றால், இரவு முழுக்கச் சளைக்காமல் ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டுப் பார்க்கும் நிரல் ஒன்று போதும். கடையின் பெயரும் ஆண்டும் சேர்த்து வைத்த பாஸ்வேர்ட் விடிவதற்குள் உடைந்துவிடலாம்.

பிழையைத் திருத்துவது எப்படி?

பிழை திருத்துவது என்றால் நிரலைத் திறந்து ஒரு வரியை மாற்றுவது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வரியைக் கண்டுபிடிப்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது.

முதல் வேலை, பிழையை மீண்டும் வரவழைப்பது. "ரிமோட் வேலை செய்யவில்லை" என்று மட்டும் ஒருவர் எழுதினால், திருத்துபவரால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, எந்தக் கிளையன்ட், என்ன செய்தபோது என்ன நடந்தது, திரையில் வந்த வாசகம் என்ன என்ற விவரங்கள் வேண்டும். எக்ஸ்ஆர்டிபி வாசல் ஆளுக்கு ஒன்று, செஸ்மேனுக்கு ஒன்று என்று இரண்டு பதிவுக் கோப்புகளை எழுதி வைக்கிறது. அவற்றில் உள்ள கடைசிச் சில வரிகள் பாதிப் பதிலைச் சொல்லிவிடும். உடம்பு சரியில்லை என்று மருத்துவரிடம் போனால் எங்கே வலி, எப்போதிலிருந்து, என்ன சாப்பிட்டீர்கள் என்று அவர் கேட்பதைப் போன்றதுதான் இது.

சில நேரம் பிழை அந்த மென்பொருளிலேயே இருக்காது. பலர் புகார் சொல்லும் ஓர் உதாரணம்: பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் கறுப்புத் திரை மட்டும் வருகிறது, அல்லது இணைப்பு உடனே அறுந்துவிடுகிறது. விசாரித்துப் பார்த்தால், அதே பெயரில் ஒருவர் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து ஏற்கனவே உள்ளே நுழைந்திருப்பார். இன்றைய லினக்ஸ் டெஸ்க்டாப்கள் சில, ஒரே பயனர் ஒரே நேரத்தில் இரண்டு திரைகளில் இருப்பதைத் தாங்குவதில்லை. முன்னால் உள்ளவர் லாக் அவுட் செய்தால் சரியாகிவிடும். நம் கடை உதாரணத்தில், வாப்பா கடையில் லாக் அவுட் செய்ய மறந்த நாளில் மகனுக்குத் துபாயில் கறுப்புத் திரை வரும்.

இரண்டாவது வேலை, பிழை எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று தேடுவது. பழைய பதிப்பில் சரியாக இருந்தது, புதியதில் இல்லை, இடையில் ஆயிரம் மாற்றங்கள் நடந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்தையும் பார்க்க வேண்டியதில்லை. நடுவில் உள்ள மாற்றத்தைச் சோதிப்பார்கள். அங்கே சரியாக இருந்தால் பிழை பின்பாதியில், இல்லையென்றால் முன்பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் பத்துச் சோதனைகளில் குற்றவாளி கிடைத்துவிடும். பலர் சேர்ந்து எழுதும் நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு சேமித்து வைக்கும் கிட் என்ற கருவி இதற்கு உதவுகிறது.

நினைவகம் வழிவது போன்ற மறைவான பிழைகளுக்கு வேறு கருவிகள் உள்ளன. நிரல் தனக்கு உரிமையில்லாத இடத்தில் கை வைத்த நொடியே பிடித்துக் காட்டும் கருவி ஒன்று. அர்த்தமில்லாத, உடைந்த செய்திகளை லட்சக்கணக்கில் தானாகவே அனுப்பிப் பார்க்கும் முறை இன்னொன்று. எந்தச் செய்தியில் சர்வர் தடுமாறுகிறதோ அங்கே பிழை இருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது வேலை, திருத்தம். திறந்த மூலத்தில் திருத்தத்தை யாரும் எழுதி அனுப்பலாம். ஆனால் அனுப்பியதெல்லாம் உடனே சேர்க்கப்படாது. பொறுப்பாளர்கள் வரி வரியாகப் படிப்பார்கள். தானியங்கிச் சோதனைகள் ஓடும். ஒன்றைச் சரிசெய்யப் போய் வேறொன்று கெட்டுவிட்டதா என்று பார்ப்பார்கள். அதே பிழை மீண்டும் வந்தால் பிடிபடும்படி ஒரு புதிய சோதனையையும் சேர்த்து வைப்பது நல்ல வழக்கம்.

பாதுகாப்பு சம்பந்தப்பட்ட பிழை என்றால் ஒரு கூடுதல் ஒழுக்கம் உண்டு. அதைக் கண்டுபிடித்தவர் ஊருக்கெல்லாம் சொல்லாமல், பொறுப்பாளர்களுக்கு மட்டும் தனியாகத் தெரிவிப்பார். திருத்தம் தயாரான பிறகே விவரம் வெளியிடப்படும். பக்கத்து வீட்டுக் கொல்லைக் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தால் தெருவில் நின்று கத்துவதில்லை, அந்த வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்கிறோம் அல்லவா? 2022 டிசம்பரில் வெளியான எக்ஸ்ஆர்டிபி 0.9.21 பதிப்பில் மட்டும் பத்து சிவிஇ எண்களுக்கான திருத்தங்கள் ஒன்றாக வந்தன.

திறந்து வைத்தால் ஆபத்து இல்லையா?

நிரலை யாரும் படிக்கலாம் என்றால் திருடனும் படிப்பானே என்ற கேள்வி நியாயமானது. படிப்பான் என்பதும் உண்மைதான். ஆனால் நிரலை மூடி வைத்தால் பிழை இல்லாமல் போவதில்லை. 2019 மே மாதம் மைக்ரோசாஃப்டின் ரிமோட் டெஸ்க்டாப் பகுதியில் ப்ளூகீப் என்ற குறை வெளியானது. பாஸ்வேர்ட் இல்லாமலே தொலைவிலிருந்து கம்ப்யூட்டரைக் கைப்பற்றக்கூடிய குறை அது. ஆதரவை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட அந்நிறுவனம் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது.

திறந்த மூலத்திலும் பல்லாண்டுகள் யார் கண்ணிலும் படாத பிழைகள் இருந்திருக்கின்றன. 2019-ல் காஸ்பர்ஸ்கி நிறுவன ஆய்வாளர் ஒருவர் நான்கு விஎன்சி மென்பொருள்களை ஆராய்ந்து 37 குறைகளை வெளியிட்டார். பெரும்பாலானவை திருத்தப்பட்டன. ஆனால் அவற்றில் ஒன்றான டைட்விஎன்சி 1 வரிசைப் பதிப்புக்கு அதை உருவாக்கியவர்கள் ஆதரவை நிறுத்தியிருந்ததால் திருத்தம் வரவில்லை. ஆகவே ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது திறந்ததா மூடியதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அதை இன்றும் யாராவது கவனித்துக்கொண்டிருக்கிறார்களா, கடைசிப் பதிப்பு எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும்.

திருத்தம் வெளியானால் போதுமா?

இங்கேதான் நம் பங்கு வருகிறது. திருத்தம் வெளியாகும் நாளில் பிழையின் விவரமும் வெளியாகிறது. பழைய நிரலையும் புதிய நிரலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். அதனால் அன்றிலிருந்து அப்டேட் செய்யாத கம்ப்யூட்டர்களுக்குத்தான் ஆபத்து முன்பைவிட அதிகம். எங்கோ ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் இரவெல்லாம் விழித்து எழுதிய திருத்தம், நம் கடை கம்ப்யூட்டரில் "பிறகு நினைவூட்டு" என்ற ஒரு பொத்தானில் நின்றுபோகிறது.

ஒரு சந்தேகம் பலருக்கு வரும். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ்களில் பதிப்பு எண் பழையதாகவே இருக்கிறதே, அப்படியானால் திருத்தம் வரவில்லையா? அவசியம் அப்படி இல்லை. இந்த அமைப்புகள் முழுப் புதிய பதிப்பைக் கொடுக்காமல், பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் கொண்டவை. எண்ணின் முன்பகுதி மாறாது, கடைசிப் பகுதி மட்டும் மாறும். ஆகவே எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சிவிஇ எண்ணைக் கொடுத்து அந்த லினக்ஸின் பாதுகாப்புப் பக்கத்தில் தேடினால் திருத்தப்பட்டதா இல்லையா என்று தெரியும். ஆனால் அந்த லினக்ஸ் பதிப்பின் ஆதரவுக் காலமே முடிந்திருந்தால் திருத்தம் வராது. அப்போது முழு அமைப்பையும் புதுப்பிப்பதுதான் வழி.

வீட்டிலும் கடையிலும் செய்ய வேண்டியவை

ஒன்று: 3389 போர்ட்டை இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்காதீர்கள். விபிஎன் அல்லது எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாக மட்டும் நுழையும்படி அமைக்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் சர்வரில் நாளை ஒரு புதிய பிழை வந்தாலும், அதைத் தொட வெளியாளுக்கு இன்னொரு கதவைத் தாண்ட வேண்டியிருக்கும்.

இரண்டு: அப்டேட்டுக்கு வாரத்தில் ஒரு நேரம் ஒதுக்குங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் தானாகவே நிறுவப்படும் வசதி இருந்தால் அதை இயக்கி வையுங்கள்.

மூன்று: நீளமான, வேறு எங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்ட் வையுங்கள். தவறான முயற்சிகளுக்கு வரம்பு வைத்திருந்தால், நீங்களே வேண்டுமென்றே தவறாகப் போட்டு அது உண்மையில் தடுக்கிறதா என்று பாருங்கள். மேலே பார்த்த, வரம்பு வேலை செய்யாத பிழை கற்றுத்தருவது இதுதான்.

நான்கு: தேவையில்லாதபோது சர்வரை நிறுத்தி வையுங்கள். கடையை விட்டுப் போன ஊழியரின் கணக்கை அன்றே நீக்குங்கள்.

ஐந்து: கணக்குக் கோப்புகளை வேறொரு இடத்தில் நகலெடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வையுங்கள். எல்லாக் கதவும் உடைந்தாலும் தொழில் நிற்காமல் இருக்க இதுதான் கடைசித் துணை.

இவை எல்லாவற்றையும் செய்த பிறகும் ஒரு வழி பாக்கி இருக்கிறது. "பேங்கிலிருந்து பேசுகிறோம், இந்த ஆப்பைப் போட்டு அதில் வரும் எண்ணைச் சொல்லுங்கள்" என்று யாராவது போனில் கேட்டு, நாமே எண்ணைச் சொல்லிவிட்டால் எந்தத் திருத்தமும் உதவாது. வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு இதைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு வாய்ப்பு

கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் பலர் படிப்பு முடிந்ததும் "அனுபவம் இருக்கிறதா?" என்ற கேள்வியில் தடுமாறுகிறார்கள். திறந்த மூல மென்பொருளில் பிழை திருத்துவது அந்த அனுபவத்தைச் செலவில்லாமல் தருகிறது. எக்ஸ்ஆர்டிபி போன்றவை சி மொழியில் எழுதப்பட்டவை. கல்லூரியில் சி படித்த மாணவர் இதைப் படித்துப் பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

முதல் நாளே பெரிய குறையைத் திருத்த வேண்டும் என்று இல்லை. மற்றவர்கள் எழுதிய பிழைப் புகாரைத் தன் கம்ப்யூட்டரில் செய்து பார்த்து, "எனக்கும் இது நடக்கிறது, இந்தப் பதிப்பில், இந்த வரிசையில் செய்தால் வருகிறது" என்று தெளிவாக எழுதுவதே பெரிய உதவி. வழிகாட்டிக் குறிப்பில் உள்ள ஒரு தவறைத் திருத்துவதும் பங்களிப்புதான். அங்கே நாம் அனுப்பிய ஒவ்வொரு திருத்தமும், அதை மூத்தவர்கள் படித்துச் சொன்ன கருத்தும் நம் பெயரோடு நிலைத்திருக்கும். வேலைக்கு எடுப்பவர் அதைத் திறந்து பார்க்கலாம்.

ஜவுளிக்கடை கம்ப்யூட்டருக்குத் திரும்புவோம். துபாயில் இருக்கும் மகன் ஒவ்வொரு இரவும் நம்பி நுழையும் அந்தக் கதவை, முன்பின் தெரியாத பலர் சேர்ந்து சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் பிழையைக் கண்டார், ஒருவர் திருத்தினார், ஒருவர் சோதித்தார், ஒருவர் அதைப் பொதியாக்கி அனுப்பினார். அதை நிறுவுவது மட்டும் வீட்டுக்காரர் வேலை. இன்று இரவு மகன் கணக்கை எழுதி முடித்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, காத்திருக்கும் அப்டேட்டுகள் ஏதாவது இருக்கின்றனவா என்று பார்க்கட்டும்.